காந்திமதி அக்காவுக்கு என்ன முறை

காந்திமதி அக்காவுக்குப் பால் சேராது. வரக்காப்பிதான் குடிப்பாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பாள், ஆனால் விரதம் இருக்க மாட்டாள். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். குழந்தை இல்லை, யாராவது அதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். உயரம், ஒல்லி. கோபம் வந்தால் அவளுக்குச் சத்தம் கூடாது, குறையும்.

இவ்வளவையும் எழுதி எங்கள் அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். காந்திமதி அக்கா என்று யாரும் கிடையாது. பென்னலூரில் அந்த மாடி அறையில் குடியிருந்தது நானும் சந்தனமாரியும் மட்டும்தான்.

கம்பெனி டிரெய்னிகளுக்கான ஹாஸ்டலை மூடிவிட்டு, ஆளாளுக்கு வெளியே அறை பார்த்துக்கொள்ளச் சொன்னபோது வந்தது இந்த வேலை. சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து சந்தனமாரியின் அப்பா போன் செய்தார். வயசுப் பிள்ளைகள் இரண்டு மட்டும் தனி வீட்டில் இருக்க வேண்டாம், கிளம்பி வா என்றார். அவளுக்கு டிரெய்னிங் முடியக் கொஞ்ச காலம் இருந்தது. முடிவில் ஒரு பரீட்சை வைத்து, சிலரை மட்டும் பெர்மனென்ட் ஆக்குவார்கள். ஊருக்குப் போனால் பரீட்சை இல்லை. தை பிறந்ததும் கல்யாணம். அழுதுகொண்டே பேசியவள் வாயில் அது வந்துவிட்டது: "ரெண்டு பேர் மட்டும் இல்லப்பா. கூட ஒரு பெரியாள் இருக்காக. நம்ம பக்கத்து அக்கா. காந்திமதின்னு பேரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா ரத்தினம், அந்த அக்காவிடம் போனைக் கொடு என்றாள். நான் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்தேன். நைட் பார்த்தால் எனக்குத் தொண்டை கட்டிக் குரல் இறங்கிவிடும், நாற்பது வயதுக்காரி போல. சந்தனமாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனை என் காதில் வைத்தாள்.

"நல்லாருக்கீகளா சித்தி" என்றேன். ஏன் சித்தி என்று வந்தது என்று எனக்குத் தெரியாது. அரைத் தூக்கத்தில் வந்தது.

அப்படித்தான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காந்திமதி அக்கா பேச வேண்டியதாயிற்று. பேசிய பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சந்தேகம் வரும். போன வாரம் மாமியார் உயிரோடு இருக்கிறாள் என்றேனா, செத்துப்போனாள் என்றேனா?

அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் கதை எழுதும் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். டிவி தொடர்களுக்கு வசனம் எழுதிய சிவசங்கர் சார் நடத்துகிறார். முதல் மாதமே ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். பாத்திரக் குறிப்பு என்று பெயர். "முப்பதாவது எபிசோட்ல மாமியாருக்குச் சுகர்னு எழுதுவோம். நூறாவது எபிசோட்ல அவ வாயிலயே லட்டு ஊட்டுவோம். நமக்கு மறந்துரும். பாக்கிறவங்களுக்கு மறக்காது. அதனால ஆளை முதல்ல தாள்ல கட்டிப் போடுங்க" என்றார்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கம்பெனி லைனில் நான் செய்வதும் அதுதான். கார் ஒயர்கள் போர்டில் வரும். தலைக்கு மேல் ஒரு தாள் தொங்கும். நீல ஒயர் எந்த ஓட்டையில், மஞ்சள் எதில் என்று பார்க்க வேண்டும். தாளில் உள்ளபடி இருந்தால் விடலாம். இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் குறிப்பு எழுதினார்கள். நான் காந்திமதி அக்காவுக்கு எழுதினேன். ஒரு கேள்வியையும் காலியாக விடவில்லை. பிடித்த நிறம், பயம், ஆசை, ரகசியம் காப்பாளா, உயிருக்கு உயிராக யார் மேல் அன்பு. கடைசிக் கேள்விக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். பேச்சிராஜ், டிப்ளமோ, வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை.

கீழ் வீட்டு ஓனர் பெண் சுவாதி எங்கள் லைனில்தான் இருக்கிறாள். வாடகை வாங்க வந்தவள் அலமாரியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாடி இது, இல்லாத பொம்பளைக்கு ஆதார் கார்டு போட்டுகினு கீற?"

"தப்பு வராம இருக்கத்தான்."

"அப்டியே ரேஷன் கார்டும் போட்டுடு. மாசம் ரெண்டு கிலோ சக்கரையாவது வரும்."

தாள் வேலை செய்தது. ரத்தினம் திடீரென்று ஏதாவது கேட்டால் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்வேன். அவள் நம்பிவிட்டாள். நம்பியதும் விசாரணையெல்லாம் நின்று போயிற்று. பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. சந்தனமாரி ஐந்து நிமிடம் பேசுவாள். பிறகு காந்திமதியிடம் கொடு என்பாள் ரத்தினம். கொழுந்தன் பெண்டாட்டி பேசிய பேச்சு, ஆட்டுக்குச் செரிக்காமல் போனது, எல்லாம் எனக்கு வரும். நான் "ம்" சொல்வேன். தாளில் "அதிகம் பேசமாட்டாள்" என்று எழுதியிருந்தேன். அது என் சௌகரியத்துக்காக எழுதியது.

ஒரு ஞாயிறு, சந்தனமாரி மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தபோது ரத்தினம் சொன்னாள்: "காந்திமதி, பக்கத்துல அவ இல்லல்லா? கர்ப்பப்பையில கட்டி இருக்குங்காக. எடுக்கணுமாம். அவகிட்ட மூச்சு விட்டிராத. வேலையைப் போட்டுட்டு ஓடியாந்திருவா."

"சரி சித்தி. சொல்லலை."

சந்தனமாரி வாளியோடு இறங்கி வந்தாள். "அம்மா என்ன சொன்னாக?" என்றாள். "ஆடு கதைதான்" என்றேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன். ரகசியம் காப்பாளா: ஆம். காலியாக விடக்கூடாது என்பதற்காக எழுதிய ஆம். அன்றிலிருந்து அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தால் நான் தட்டை எடுத்துக்கொண்டு படிக்குப் போய்விடுவேன். சொல்வதா, வேண்டாமா என்று டைரியில் எழுதி எழுதிப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் நான், பாண்டிச்செல்வி. ஆனால் பாண்டிச்செல்விக்கு அது தெரியவே தெரியாதே.

பிறகு ஓவர்டைம் வாரங்கள் வந்தன, நாங்கள் ஓடி என்போம். கப்பலில் போக வேண்டிய சரக்கு என்று எட்டு மணி நேரம் பன்னிரண்டானது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். நடுவில் வகுப்புக்கு ஒரு கதையும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீடு, அதில் புது மருமகள் பக்கத்துக்குப் பக்கம் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஞாயிறு வந்தது. போன் வந்தது.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து முடி வாரிக்கொண்டிருந்த சந்தனமாரியின் கை நின்றது.

"அத்தையா?" என்றாள் ரத்தினம். "முன்னெல்லாம் சித்தின்னுல்லா கூப்பிடுவ?"

அலமாரி திறந்துதான் இருந்தது. மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். பிடித்த நிறம் இருந்தது. பயம் இருந்தது, பல்லி. யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள் என்று எங்குமே இல்லை.

"எங்கம்மா வழியில பாத்தா சித்தி. அப்பா வழியில அத்தையும் வரும்" என்று சொல்லிவைத்தேன்.

"அப்பா வழிதானம்மா பாக்கணும். இதை முதல்லயே சொல்லப்பிடாதா?" அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. "அப்ப உன் தம்பி பேச்சிராசு எனக்கு மருமகன் முறைலா வாரான். நான் மாரி அப்பாகிட்டச் சொல்லுதேன்."

போனை வைத்த பிறகு சந்தனமாரி சீப்பை என் மடியில் எறிந்தாள். "ஏட்டி, சித்தின்னு இருந்தா அவன் எனக்கு அண்ணன். ஒரே வார்த்தையில அண்ணனை மாப்பிள்ளையாக்கிட்டியேட்டி."

"தூக்கக் கலக்கம்."

"இந்தத் தம்பியை எதுக்கு வச்ச? நான் கேட்டேனா தம்பி வேணும்னு?"

"தாள்ல கேட்டிருந்துச்சு."

அந்த வார வகுப்பில் சிவசங்கர் சாரிடம், யாரை என்ன முறையில் கூப்பிடுவாள் என்று ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வசனம் எழுதும்போது தானா வந்துரும்மா" என்றார். எனக்கும் அப்படித்தானே வந்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நான் கேட்டதே முட்டாள்தனமோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அறைக்கு வந்து தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

பேச்சிராஜை என்ன செய்வது என்று மூன்று பேரும் கூடிப் பேசினோம்.

"யாரையாவது இட்டுகினு ஓடிட்டான்னு சொல்லிடு" என்றாள் சுவாதி.

"அப்ப அக்கா குடும்பமே சரியில்லன்னு என்னைக் கூப்பிட்டுக்குவாக" என்றாள் சந்தனமாரி. "லாரியில அடிபடட்டும்."

"செத்துட்டா துஷ்டி கேக்க வருவாகளே" என்றேன்.

அதுவுமில்லாமல் எனக்கு மனசு வரவில்லை. டிப்ளமோவில் அவனுக்கு எழுபத்தெட்டு சதவீதம் வரை எழுதியிருந்தேன்.

நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ரத்தினமே போன் செய்துவிட்டாள். அவளும் வீட்டுக்காரரும் புறப்பட்டு வருகிறார்கள். காந்திமதியையும் நேரில் பார்த்த மாதிரி இருக்கும், பையனையும் பார்த்துவிடலாம். தாம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வருவோம் என்றாள்.

அக்கா துபாய் போய்விட்டாள் என்று சொல்ல முடியாது. பெரியாள் இல்லை என்று ஆனதும் சந்தனமாரியைக் கையோடு கூட்டிப்போய்விடுவார்கள். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அக்காவுக்கு அன்றைக்கு ஓடி, இரவு வரை வர முடியாது. தம்பியைக் கம்பெனியில் பூனாவுக்கு டிரெய்னிங் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தோம். அலமாரித் தாளைக் கிழித்தெடுத்தேன். சுவாதி தன் அம்மாவின் பழைய புடவை ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டாள். கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மூன்றாவது தட்டு, மூன்றாவது டம்ளர். யார் எதைச் சொல்ல வேண்டும் என்று தனியாக எழுதி இருவருக்கும் படித்துக் காட்டினேன். சந்தனமாரி காலை ஷிஃப்ட்டுக்குப் போனாள். நான் நைட் முடித்து வந்து, மத்தியானம் வரை தூங்கலாம் என்று படுத்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றேன்.

"காந்திமதியா?"

"ஆமா" என்றேன். அப்படிக் கூப்பிட்டால் ஆமா சொல்லி எனக்குப் பழகியிருந்தது. "இருங்க, வாரேன்."

எழுந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் விழித்தேன். திறக்காமல் நிற்கவும் முடியாது. திறந்தேன். பஸ்ஸில் கசங்கிய புடவையோடு, கையில் ஒயர் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தாள். சந்தனமாரி காட்டிய போட்டோவில் பார்த்ததைவிட ரத்தினம் மெலிந்திருந்தாள். எனக்குப் பின்னால் அறைக்குள் தேடினாள்.

"காந்திமதியைக் கூப்பிடும்மா."

"அக்கா ஷிஃப்ட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன், எழுதியிருந்தபடி.

"இப்ப ஆமான்னு சொன்ன குரல்லா இது."

நான் கதவை விட்டு விலகினேன். அவள் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். தாம்பரத்தில் வீடு பூட்டிக் கிடந்ததாம், நேராக இங்கேயே வந்துவிட்டார்களாம். வீட்டுக்காரர் முழங்கால் வலியில் படியேற மாட்டாமல் எதிரே டீக்கடையில் இருக்கிறார். இதையெல்லாம் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன். கொடியில் தொங்கிய புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள்.

"உன் தம்பிக்கு என்ன வயசு?"

"எனக்குத் தம்பி இல்லை..." என்று சொல்லி நிறுத்தினேன்.

"அத்தையா, சித்தியா? முடிச்சுச் சொல்லு."

"அம்மா" என்றேன்.

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். திட்டுவாள் என்று நின்றுகொண்டே இருந்தேன். சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்த போர்டு மாதிரி.

"மாரிகிட்டச் சொல்லிட்டியா?" என்றாள். சத்தம் குறைந்திருந்தது.

எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. "இல்லை."

"ஒரு வார்த்தைகூடவா? கூடப் படுத்து எந்திரிக்கிறவகிட்டயா?"

"நீங்க காந்திமதி அக்காகிட்டதான சொன்னீங்க. அவங்க சொல்ல மாட்டாங்க."

என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா வேறு ஏதாவதா, நான் கவனிக்கவில்லை. "என் கூடப் பொறந்த அக்காகிட்டச் சொன்னேன். மறுநா காலையில குழாயடிக்கே தெரிஞ்சு போச்சு" என்றாள்.

வெளியே ஒரு கம்பெனி பஸ் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மாரி அப்பாவோட அண்ணன் தம்பி அத்தனை பேர்கிட்டயும் நான்தான் சொல்லிக்கிட்டு நின்னேன், காந்திமதி இருக்கா, எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு. இப்ப கீழ போய் என்னன்னு சொல்ல?"

"தெரியலை."

"கூட இருக்கிறவ கதை எழுதுவான்னு மாரி சொன்னா. கதை எழுதுத பிள்ளைக்கே தெரியலையாக்கும்." காலை நீட்டிக்கொண்டாள். "ஆமா, அவ பாக்க எப்படி இருப்பா?"

"உயரமா, ஒல்லியா."

"எனக்கு அப்படித் தெரியலை. போன்ல கேக்கையில குட்டையா, சதைப்பிடிப்பா ஒரு ஆளுதான் கண்ணுல வரும்."

எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். டீக்கடை பெஞ்சில் கோமதிநாயகம், அவள் வீட்டுக்காரர், ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். வேலைக்குக் கிளம்பி நின்னா. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிட்டா. குட்டையா, நல்ல களையான பொம்பளை. ரெண்டு மூக்கும் குத்தியிருக்கா. சிரிச்சா ஒரு பக்கமா வாய் கோணுது."

"நான் பாக்கலையே. இந்த வழியாத்தான போயிருப்பா?"

"நீங்க பேப்பரைல்லா பாத்துக்கிட்டிருந்திருப்பீக. அவ தம்பிக்கு வேற இடத்துல பேசி முடிச்சிட்டாகளாம். நமக்குக் குடுத்து வைக்கலை."

அவர் தலையாட்டினார். அதில் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். "நீதான் கூட இருக்கிற பிள்ளையா?"

"ஆமாங்க."

"உனக்கும் பரீட்சையா?"

"போன வருசம் எழுதினேன். கிடைக்கலை. கான்ட்ராக்ட்ல இருக்கேன்."

"மாரிக்குக் கிடைச்சிருமா?"

அதற்கு என்னிடம் எழுதி வைத்த பதில் இல்லை. கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். "தெரியலைங்க. நல்லா படிக்கா. ஆனா எத்தனை பேரை எடுப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றேன்.

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "தெரியாதுன்னா எழுதித்தான பாக்கணும்" என்றார். "எழுதட்டும். கிடைச்சா இருக்கட்டும். கிடைக்கலன்னா வீட்டுக்கு வரட்டும்."

ரத்தினம் என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள். ஆபரேஷனைப் பரீட்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டிருப்பதாகப் பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். தாங்குமா என்று கேட்டேன். "இத்தனை நாள் தாங்கலையா? நீ உன் வாயைப் பாத்துக்கோ" என்றாள்.

அவர் ஒவ்வொரு படியாக ஏறி வந்து என் பாயில் படுத்தார். ரத்தினம் சந்தனமாரியின் பாயில் படுத்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை.

மத்தியானம் யூனிஃபார்மோடு ஓடி வந்த சந்தனமாரி, அம்மாவும் அப்பாவும் அறைக்குள் தூங்குவதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள். நான் வெளியே போனேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் கேட்பதற்கு முன்பே, பரீட்சை எழுதச் சொல்லிவிட்டார்கள் என்றேன். படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுது முடித்துவிட்டு, எப்படி என்றாள். நடந்ததைச் சொன்னேன். ரெண்டு மூக்கும் குத்தியது வரை வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைக் கடித்தாள்.

"எங்கம்மாவாட்டி? எங்கம்மாவா இப்படிச் சொன்னாக?" என்றாள். "என்னைத் திட்டினாகளா?"

"இல்லை."

"வேற என்ன சொன்னாக?"

யூனிஃபார்ம் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ரத்தினம் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"வேற ஒண்ணும் சொல்லலை" என்றேன்.